இரண்டு சங்குகள்

சென்ற நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு இரண்டு சங்குகள் பழக்கம். ஒன்று, நாட்டு மருத்துவரின் சிமிழில் இருந்த சங்கு பற்பம். நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது, சாப்பிட்டது எதுக்களிக்கிறது என்று போனவர்களுக்கு அதை நெய்யிலோ வெண்ணெயிலோ குழைத்துக் கொடுப்பார்கள். மற்றொன்று பஞ்சாலைச் சங்கு. ஆலையில் வேலை செய்த குடும்பங்கள் எப்போது எழுவது, எப்போது உலை வைப்பது, எப்போது உண்பது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்தது. நெஞ்செரிச்சலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் சங்கின் வழியே போவதுதான் வழக்கம். பற்பம், சோடா உப்பு, ஜெலூசில், ஓமிப்ரசோல் என்று மருந்துகளின் வம்சாவளியை வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த வம்சாவளி உண்மைதான், ஆனால் பாதிக் கதை. பழைய வைத்தியத்தில் பத்தியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருந்தன: இன்னின்னதைத் தின்னாதே என்ற பட்டியல் ஒன்று, எப்போது, எவ்வளவு உண்பது, உண்டபின் எப்படிக் கிடப்பது என்ற ஒழுங்கு இன்னொன்று. இந்த ஊரின் முந்நூறு ஆண்டுகளைப் பார்த்தால் பட்டியல் பத்திரமாகத் தங்கிவிட்டது, ஒழுங்கு கைநழுவிப் போய்விட்டது. இன்றைய ஆய்வுகளோ பெரும்பாலும் நழுவிப்போன பகுதிக்குத்தான் சாட்சி சொல்கின்றன.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதுதான் இங்கே பேசப்படும் நோய். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை வாசற்கதவுபோல் இருக்கிறது. அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் எரிச்சல். தமிழில் இதற்கு நெஞ்செரிச்சல் என்ற துல்லியமான சொல் இருந்தும் நம் ஊர்களில் யாரும் அதைச் சொல்லி மருந்து கேட்பதில்லை. ஒரு தலைமுறை ‘அல்சர்’ என்றது, அடுத்த தலைமுறை ‘கேஸ்’ என்கிறது. சித்த மருத்துவம் இதைக் குன்மம் என்ற பெரிய குடையின் கீழ் வைத்தது. யூகி வைத்திய சிந்தாமணி குன்மத்தை எட்டாகப் பிரிக்கிறது. எரிகுன்மம் என்ற வகை இன்றைய நெஞ்செரிச்சலுக்குப் பக்கத்தில் வருகிறது என்றாலும் அதுவே இது என்று சொல்லிவிட முடியாது. குன்மத்துக்குள் இரைப்பைப் புண், பித்தப்பை வலி, சாதாரண அசீரணம் எல்லாமே அடங்கியிருந்திருக்கும். மேலைநாட்டிலும் நிலைமை இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை. இரைப்பைச் சாற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வில்லியம் புரவுட் காட்டியது 1824இல். அந்த அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும் நோயை நியூயார்க்கின் ஆஷர் விங்கெல்ஸ்டைன் தனியாக எடுத்துச் சொன்னது 1935இல். இடையில் நூற்றுப் பதினோரு ஆண்டுகள். ஆகவே பழைய வைத்தியருக்கு நோயின் சரியான பெயர் தெரியவில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை, அப்போது எவருக்குமே தெரியாது. நாம் கேட்க வேண்டியது, பெயர் தெரியாமலே அவர் என்ன செய்யச் சொன்னார் என்பதை.

திருக்குறளில் ‘மருந்து’ என்ற 95ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடைக்காது. பத்தில் ஆறு குறள்கள் உண்ணும் முறையைப் பற்றியவை: முன்பு உண்டது செரித்ததா என்று பார்ப்பது, பசி வந்தபின் உண்பது, அளவறிந்து நிறுத்துவது. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி இன்னும் நுணுக்கமாகப் போகிறது. நாளுக்கு இரண்டு வேளைதான் உணவு, பசிக்காமல் உண்ணக்கூடாது, பகலில் தூங்கக்கூடாது, படுத்தால் இடப்பக்கம் படுக்க வேண்டும். கடைசி விதியை வெறும் சடங்கு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இரைப்பையின் அமைப்பைப் பாருங்கள். அதன் பெரும்பகுதி உடலின் இடப்பக்கம் தொங்குகிறது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் அமிலம் அந்தப் பள்ளத்தில் தேங்கிவிட, உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் திரும்பினால் வாய் அமிலத்துக்குள் மூழ்கும். 2022இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 57 நோயாளிகளின் தூக்கத்தையும் உணவுக்குழாய் அமிலத்தையும் ஒரே நேரத்தில் அளந்தார்கள். எந்தப் பக்கம் படுத்தாலும் அமிலம் ஏறும் தடவைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஏறிய அமிலம் வடிந்து போக எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் வேறுபாடு: இடப்பக்கம் 35 நொடி, மல்லாந்து படுத்தால் 76 நொடி, வலப்பக்கம் 90 நொடி. தேரையருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை. இதே விதியில் மூத்த தயிரை உண்ணவும் சொல்லியிருக்கிறது, நெஞ்செரிச்சல்காரர் பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எனவே முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. பலகாலம் பார்த்துப் பார்த்துத் தொகுத்த ஒழுங்கில் சில விதிகள் அளவுகோலுக்குத் தாக்குப்பிடித்தன, சில பிடிக்கவில்லை. தாக்குப்பிடித்தவற்றில் பெரும்பாலானவை வேளையையும் கிடையையும் பற்றியவை என்பதுதான் என் கவனத்தை இழுக்கிறது.

பற்பத்தின் கதையும் சுவையானதுதான். சங்கு என்பது கால்சியம் கார்பனேட். சுத்தி செய்து புடமிட்டு நீறாக்கினால் கிடைப்பது அமிலத்தை முறிக்கும் கால்சியக் காரம். இன்று மருந்துக்கடையில் விற்கும் வாயில் சப்பும் அமிலமுறி மாத்திரைகள் பலவற்றிலும் அதே கால்சியம் கார்பனேட்தான். பலகறை, முத்துச்சிப்பி என்று வைத்தியர்கள் எடுத்த மற்றக் கடல்பொருட்களும் இதே இனம். கடற்கரை ஊருக்கு ஏற்ற மருந்து. உணவுக்குப்பின் தரித்த தாம்பூலத்தையும் இந்தக் கணக்கில் ஓரளவு சேர்க்கலாம். வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பு காரம், மெல்லும்போது ஊறும் உமிழ்நீரும் லேசான காரம், விழுங்க விழுங்க அது உணவுக்குழாயைக் கழுவும். இன்றைய ஆய்வுகளில் சாப்பாட்டுக்குப்பின் சூயிங்கம் மென்றவர்களுக்கு அமிலம் குறைந்ததன் காரணமும் உமிழ்நீரே. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அடிக்கடி தலைகாட்டும் இடம் அவருடைய பாக்கு மண்டி. ஊரின் அரசியல் பாதி அங்கேதான் பேசப்பட்டது. அந்தப் பாக்கைத்தான் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நெஞ்செரிச்சலுக்குத் தாம்பூலம் என்று இன்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது இந்த ஊருக்குக் கிடைத்தது முதன்மையாகப் புட்டிகள். இயேசு சபையினரின் புதுச்சேரி மிஷனுக்குத் தனி மருந்தாளுநர் இருந்தார். கிளோத் து ஷ்வாசெல் என்ற அந்தச் சகோதரர் வெறிநாய்க்கடிக்குப் பாதரச மருத்துவம் பற்றி எழுதிய சிறு நூல் 1756இல் பாரிசில் அச்சானது. தென்னிந்தியாவில் இருந்த ஐரோப்பியரிடையே வயிற்றுக் கோளாறுகளுக்கு ‘கசப்பு மருந்து’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு சாராயக் கரைசல் பேர்போனது. குங்கிலிய வகைகள், வெள்ளைப்போளம், கரியபோளம் முதலியவற்றைப் பிராந்தியில் ஊறவைத்து வடித்தது அது. அதில் நம் நிலவேம்பும் சேர்ந்தது என்று சென்னை அரசில் பணிபுரிந்த மருத்துவர் வைட்லா ஐன்ஸ்லி 1826இல் எழுதினார். பின்வந்த மருந்தியலார் அது சரியல்ல என்று மறுத்தார்கள். எது உள்ளே இருந்தாலும், எரிகிற நெஞ்சுக்குப் பிராந்தி ஊற்றுவது எண்ணெயால் தீயணைப்பதுபோல. மது அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தும். கசப்பு பசியைத் தூண்டும் என்பதற்காகக் குடித்ததை எரிச்சலுக்கும் குடித்தார்கள். இதைவிட நல்ல சரக்கு பிரான்சிலேயே இருந்தது. விஷி ஊற்றுநீரின் உப்புகளைக் கொண்டு தார்சே என்ற வேதியியலாளர் 1825 வாக்கில் செய்த வில்லைகள் அடிப்படையில் சோடா உப்புதான், சங்கு பற்பத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

ஒழுங்கைப் பற்றியும் பிரெஞ்சு மருத்துவம் பேசாமல் இல்லை. 1823இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் தன் வேரை அங்கிருந்துதான் கணக்கிடுகிறது. கடற்படை மருத்துவர்கள் உணவு, உடை, உறக்கம் பற்றி நூல்கள் எழுதினார்கள். உய்யே என்பவர் 1867இல் வெளியிட்ட நூலின் தலைப்பே போதும்: புதுச்சேரியில் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோரின் சுகாதாரம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கருப்பு நகரம் என்று தெருக்களைப் பிரித்தவர்கள் வயிறுகளையும் பிரித்துத்தான் பார்த்தார்கள். அதனால் நேர்ந்தது என்னவென்றால், எப்படி வாழ்வது என்பது இனத்தின் குணமாகவும், மருந்து மட்டுமே எல்லோருக்கும் பொதுவான பொருளாகவும் ஆகிப்போனது. நாட்டு வைத்தியர் பற்பத்தையும் பத்தியத்தையும் ஒரே கையால் கொடுத்தார். மருந்துக்கடைப் புட்டியோடு பத்தியம் வரவில்லை. இதற்குப் பிரெஞ்சுக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, மருந்து தொழிற்சாலைச் சரக்கான எல்லா ஊர்களிலும் நடந்ததுதான்.

இந்த ஊரின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மதியம் ஒரு மணி வாக்கில் கடைகள் இறங்கி, நாலு மணி வாக்கில் மறுபடி திறப்பது புதுச்சேரிக் கடைத்தெருவின் அடையாளம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். வெயில் எந்த நாட்டுக் குடியுரிமை பெற்றது என்று எனக்குத் தெரியாது, உச்சிவெயிலில் உறங்குவது எல்லா வெப்ப நாடுகளிலும் உண்டு. வயிறு முட்ட மதியச் சாப்பாடு, உடனே கட்டில். நெஞ்செரிச்சலுக்கு இதைவிடத் தோதான நேர அட்டவணை கிடையாது. நிற்கும்போது புவியீர்ப்பு அமிலத்தைக் கீழே பிடித்து வைக்கிறது, படுத்தவுடன் அந்த உதவி போய்விடுகிறது. தூங்கும்போது உமிழ்நீரும் குறைகிறது, விழுங்குவதும் குறைகிறது. பகல் தூங்காதே என்ற பழைய விதியும் பிற்பகல் ஓய்வு என்ற நகர வழக்கமும் நேருக்குநேர் மோதும் இடம் இது. ஓய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. சாய்வு நாற்காலி எதற்காக இருக்கிறது? முதுகை நிமிர்த்திச் சாய்ந்து கண்ணயர்ந்தால் வெயிலுக்கும் பழுதில்லை, நெஞ்சுக்கும் பழுதில்லை.

வேளை என்பது தனிமனிதரின் ஒழுக்கம் மட்டும்தானா என்ற கேள்வி இங்கே எழும். எழத்தான் வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு என்று அறிவுரை சொல்வது நேரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு எளிது. புதுச்சேரியின் உழைக்கும் மக்களில் பெரும்பகுதி நூறாண்டுகளுக்கு மேலாக நேரத்தை ஆலையிடம் விற்றவர்கள். சவானா ஆலை, ரோடியர் ஆலை, கெப்ளே ஆலை என்று மூன்று பெரும் பஞ்சாலைகள் ஊரின் வயிற்றை நிரப்பின, அந்த வயிறு எப்போது நிரம்ப வேண்டும் என்பதையும் அவைதான் நிர்ணயித்தன. இங்கே பிறந்த பாரதிதாசன் தம் இசையமுதில் தொழில் பாடல்கள் பல எழுதினார். அவற்றில் ஒன்று, வேலை முடியும் மணி கடந்தும் ஊதாத ஆலைச் சங்கை நோக்கி மனைவி ஒருத்தி முறையிடும் பாட்டு. வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, தெருவில் கண் வைத்திருக்கும் பெண்ணின் குரல் அது. காதல் பாட்டாகத்தான் அதைப் பாடுகிறோம். வேளை தவறிய உணவின் வரலாற்றுச் சான்றாகவும் அதை வாசிக்கலாம் என்று எனக்குப் படுகிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சிந்தியப் படை சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலை முக்கியமானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அது சட்டமானது. ஆசியாவிலேயே முதன்முதலில் எட்டு மணி நேர வேலைச்சட்டம் வந்த ஊர் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்வது இதைத்தான். அந்தப் பன்னிரண்டு பேரும் நெஞ்செரிச்சலுக்காக உயிர் கொடுக்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் ஒரு நாளில் உழைப்புக்கு எட்டு மணி என்று வகுத்தால்தான் உண்ணவும் உறங்கவும் வேளை பிறக்கிறது. தேரையர் விதித்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு வாங்கித் தந்தது வைத்தியமா, வேலைநிறுத்தமா என்று கேட்டால், நான் வேலைநிறுத்தம் என்றுதான் சொல்வேன்.

1954 நவம்பர் 1இல் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964இல் அதுவே ஜிப்மர். இந்தக் காலம் ‘அல்சர்’ என்ற சொல்லின் பொற்காலம். தென்னிந்தியாவில் சிறுகுடல் தொடக்கப் புண் வடக்கைவிட மிகுதி என்று மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். ரயில்வே மருத்துவர் மல்கோத்ரா 1960களில் ரயில்வே ஊழியரிடையே இதை ஆராய்ந்து, வடக்கத்தியார் ரொட்டியை நன்றாக மென்று உமிழ்நீர் சேர்த்து விழுங்குகிறார்கள், தெற்கத்தியார் குழைந்த சோற்றை மெல்லாமல் விழுங்குகிறார்கள் என்று விளக்கம் சொன்னார். காரமும் புளியும் குற்றவாளிக் கூண்டில் ஏறின. பால் குடி, புண் ஆறும் என்றார்கள். 1915இல் சிகாகோவின் சிப்பி என்பவர் மணிக்கொரு தரம் பாலும் அமிலமுறி மருந்தும் கொடுத்த சிகிச்சையின் எச்சம் அது. பால் முதலில் இதமாக இருந்தாலும் பிறகு அமிலச் சுரப்பைக் கூட்டும் என்பது பின்னால் தெரிந்தது. ஆறாத புண்ணுக்கு வயிற்றைத் திறந்து, அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டினார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கிருமி என்று காட்டி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள், 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். புண் கிருமியால் வந்தது என்று தெரிந்தபின் புளிக்குழம்பை விடுதலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கிருமியோடு தொடர்பில்லாத நெஞ்செரிச்சலையும் அதே ‘அல்சர்’ என்று அழைத்து, அதே விலக்குப் பட்டியலை அதன் தலையிலும் கட்டிவிட்டோம். பட்டியல் தங்கியது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அந்தப் பட்டியலுக்கு எவ்வளவு ஆதாரம்? 2006இல் கால்டன்பாக் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். புகையிலை, மது, காபி, சாக்லேட், காரம், புளிப்புப் பழம் என ஒவ்வொன்றையும் நிறுத்தினால் நோய் தணிகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. தணிந்தது இரண்டால்: எடை குறைப்பதாலும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதாலும். ஓசாகாவில் 2005இல் வெளியான ஆய்வொன்றில், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம்கூட விடாதவர்களுக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு, நான்கு மணி நேரம் விட்டவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல். 2022இல் அமெரிக்க இரைப்பை குடலியல் மருத்துவர் கல்லூரி தந்த வழிகாட்டலும் பெரும்பாலும் இதையே ஒட்டிப் போகிறது: எடை மிகுந்தவர் குறைக்க வேண்டும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உண்ணக்கூடாது, புகை கூடாது, தலைமாடு உயர வேண்டும், உணவில் தனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் தவிர்க்கலாம். எனக்கு மிளகாய் எரிக்கிறது என்றால் மிளகாயை விடுங்கள். எரிக்காதவருக்கு விலக்கு விதிக்க வேண்டியதில்லை. தலைமாடு உயர்த்துவது என்றால் தலையணையை அடுக்குவது ஆகாது, அது கழுத்தை மடக்கி வயிற்றை அமுக்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ கட்டையோ வைத்து அரையடி தூக்க வேண்டும். எடை விஷயத்தில் இந்த ஊர் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி புதுச்சேரிப் பெண்களிலும் ஆண்களிலும் பத்தில் நான்கு பேருக்கு மேல் எடை மிகுந்தவர்கள். மது மலிவான ஊர் என்று அண்டை மாவட்டங்களிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்களின் நெஞ்சைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும்.

நல்ல மாத்திரை வந்துவிட்ட பிறகு கட்டிலுக்குச் செங்கல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்வி. 1976இல் சிமெடிடின், 1981இல் ரானிடிடின், 1988இல் ஓமிப்ரசோல் என்று பன்னிரண்டே ஆண்டுகளில் வந்த மருந்துகள் சங்கு பற்பத்தைப்போல வந்த அமிலத்தை முறிப்பவை அல்ல. அமிலம் சுரப்பதையே குறைப்பவை. உணவுக்குழாயில் புண் விழுந்தவருக்கு ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகைதான் உறுதியான மருந்து. செங்கல்லும் நேரமும் மட்டும் அந்தப் புண்ணை ஆற்றும் என்று நம்பியிருப்பது ஆபத்து. இவை நெடுநாள் எடுத்தால் எலும்பு முறியும், சிறுநீரகம் போகும் என்ற பயமும் மிகையாகப் பரவியிருக்கிறது. 17,598 பேரைச் சுமார் மூன்றாண்டு தொடர்ந்து 2019இல் வெளியான சோதனையில், பான்டோப்ரசோல் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் கூடுதலாக வந்தது குடல் தொற்று மட்டும், அதுவும் சிறிதளவே. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோயே இல்லாத தன்னார்வலர்களுக்கு எட்டு வாரம் இவ்வகை மருந்து கொடுத்து நிறுத்திய டென்மார்க் ஆய்வில், 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல் போன்ற தொல்லைகள் தலைகாட்டின. வெற்று மாத்திரைக்காரர்களில் 15 விழுக்காடுதான். கட்டிவைத்த சுரப்பு அவிழ்த்ததும் துள்ளுகிறது. தேவையில்லாமல் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் தொடர்வது இப்படித்தான். மருந்துகளுக்கும் ஆயுள் உண்டு. கடைக்குக் கடை கிடைத்த ரானிடிடினில் புற்றுநோயோடு தொடர்புடைய மாசு கண்டுபிடிக்கப்பட்டு 2020இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது, 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது.

மாத்திரையா ஒழுங்கா என்ற இந்த வழக்கில் வேடிக்கை என்னவென்றால், மாத்திரையே வேளைக்குக் கட்டுப்பட்டது. இரைப்பைச் சுவரில் அமிலம் இறைக்கும் நுண்ணிய எந்திரங்கள் உணவு வரும்போதுதான் முழுமையாக விழித்து வேலை தொடங்கும். விழித்திருக்கும் எந்திரத்தைத்தான் இந்த மருந்தால் முடக்க முடியும். ஆகவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விழுங்கினால்தான், உணவு வரும்போது மருந்து இரத்தத்தில் தயாராக இருக்கும். இட்லியைத் தின்றுவிட்டு நினைவு வந்து போட்டுக்கொள்வதும், பரோட்டா தின்றபின் முன்னெச்சரிக்கையாக விழுங்குவதும் காசுக்குக் கேடு. காலை உணவையே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடுகிறவரும் பாதிப் பயனைத்தான் பெறுகிறார். மருந்து வேலை செய்யவில்லை, டோஸைக் கூட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணிக்கு விழுங்குகிறீர்கள் என்பதை. சங்கு பற்பத்தைப் பத்தியத்தோடு கொடுத்த வைத்தியரும், உணவுக்கு முன் என்று சீட்டில் எழுதும் மருத்துவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பேச்சுப் பேசுகிறார்கள்.

ஆலைச் சங்குகள் இப்போது ஊதுவதில்லை. எஞ்சியிருந்த பஞ்சாலைகளும் 2020இல் மூடப்பட்டன. அதனால் வேளை திரும்பிவிட்டதா என்றால் இல்லை. சுற்றுலாப் பயணிக்கு நள்ளிரவு வரை பரிமாறிவிட்டுத் தான் உண்ண உட்காரும் ஓட்டல் ஊழியருக்கும், இரவுப் பணி முடித்து விடியலில் உண்ணும் செவிலியருக்கும், கைபேசியில் பத்து மணிக்கு மேல் பிரியாணி வரவழைக்கும் இளைஞருக்கும் சங்கு ஊதுவோர் வேறு. கடைசி ஆளுக்குத் தன் வேளை தன் கையில் இருக்கிறது. முதல் இருவருக்கு அப்படியில்லை, அவர்களிடம் நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது நியாயமாகாது. பெரிய உணவை வேலைக்கு முன்பு வைத்துக்கொண்டு, முடிந்தபின் சிறிதளவே உண்டு, படுக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து, தலைமாட்டை உயர்த்திக்கொள்வது அவர்களாலும் முடியும். உணவு இடைவேளையை நள்ளிரவுக்குத் தள்ளாமல் பணிமுறை வகுப்பது முதலாளியின் பொறுப்பு. இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் குழு 2011இல் வெளியிட்ட கணக்கில், வாரம் ஒருமுறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ வருகிறவர்கள் 7.6 விழுக்காடு. பதின்மூன்று பேருக்கு ஒருவர். இவர்களில் பெரும்பாலோருக்கு மேலே சொன்னவையும் சில வார மாத்திரையும் போதும். ஆனால் சாப்பாடு நெஞ்சில் நின்று இறங்க மறுத்தாலோ, காரணமில்லாமல் உடல் மெலிந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, ‘கேஸ் மாத்திரை ஒன்று கொடுங்கள்’ என்று மருந்துக்கடை வாசலில் நிற்காதீர்கள், மருத்துவரிடம் போய் உள்நோக்கிச் சோதனைக்குக் கேளுங்கள். எரிச்சலோடு வியர்த்து, வலி தோளுக்கும் இடக்கைக்கும் பரவினால் அதை வயிறு என்று எண்ணி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.